அக்டோபர் டேப்

ஜூன் 17, 2025

ஆஸ்பத்திரி சர்வரின் பத்து வருடத்து பேக்கப் நாற்பத்தொரு டேப்பில் கிடக்கிறது. அத்தனையையும் புது நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்கு மாற்றும் வேலை இன்று தொடங்கியது. டேப்பைப் படிக்கும் பழைய மெஷின் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு டேப்புக்கு மூன்று மணி நேரம் முனகுகிறது.

என் வீட்டுக்காரர் இன்றும் வாசல் தாண்டவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறை கைதட்டுகிறார். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். எரிச்சலா, பயமா?

ஜூன் 19

பட்டியலில் ‘2016 அக்டோபர் – போன் பதிவுகள்’. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே வருகிற போன் பேச்செல்லாம் பதிவாகும். ஆக்சிஜன் சிலிண்டர் கடை சிவசைலம் தினமும் போன் செய்வார். சிலிண்டர் வேண்டாத நாளிலும் செய்வார். அந்த மனிதரைத்தான் கட்டிக்கொண்டேன்.

தொண்டைப் புற்றுநோய்க்கு அவர் குரல்வளையை எடுத்து எட்டு மாதம். கழுத்தில் துளை, கையில் சிலேட்டு. வீட்டு வீடியோ எல்லாம் அவர் எடுத்தவை. அதில் நான்தான் ஓயாமல் பேசுகிறேன். அவர் குரல் எனக்கு மறக்கத் தொடங்கியிருக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

ஜூன் 20

போன் பதிவுகளை மாற்ற வேண்டியதில்லையாம். முப்பதாம் தேதி டேப்புகளை அழிக்கப்போகிறார்கள். மேனேஜர் ஜெபசிங் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்க ரெண்டு பேரு பேச்சை மட்டும் எடுத்துக்கோம்மா” என்றார்.

ஜூன் 21

அக்டோபர் டேப்பைப் போட்டேன். மெஷின் கடகடவென்று இருமி வெளியே தள்ளியது. டேப்பின் மூடி இடுக்கில் காய்ந்த சந்தனம்! அந்த வருடம் ஆயுத பூஜைக்கு டேப்புக்கெல்லாம் பொட்டு வைத்த மகராசி யார்? நானேதான். இதற்கு மட்டும் தாராளமாக அப்பியிருக்கிறேன். ஈரத்தில் வைத்தது இப்போது பொடியாக உதிர்கிறது.

“இதைக் கடைசியாப் போடும்மா. மெஷின் கெட்டா நோயாளிங்க ரெக்கார்டு போயிரும்லா” என்றார் சார். நியாயம்தான். இப்ப அழுது என்ன செய்ய?

ஜூன் 26

இன்னும் ஒன்பது டேப்.

ஜூன் 29, ஞாயிறு

நோயாளிகள் பதிவு எல்லாம் பத்திரமாகப் பெட்டிக்குள் போய்விட்டது. என் புருவ பிரஷ்ஷால் சந்தனத்தைத் துளித்துளியாகத் தட்டி எடுத்தேன். இரண்டு முறை துப்பிய மெஷின் மூன்றாம் முறை விழுங்கியது. ஒரே ஒரு போன் அழைப்பு வந்தது. அதோடு நின்றதுதான், மறுபடி ஓடவே இல்லை.

வீட்டில் போட்டுக் காட்டினேன்.

“சிலிண்டர் கடையில இருந்து பேசுதேன். இன்னைக்கு எத்தனை வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி.”

“சரி... மழை பெய்யுது. குடை கொண்டாந்தியளா?”

அண்ணாச்சியாம்! என் வாயை என்ன சொல்ல.

அவர் அசையாமல் கேட்டார். மறுபடி போடச் சைகை காட்டினார். மறுபடியும். செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ? சிலேட்டை எடுத்து எழுதினார்: “யாருட்டி இவன்? நல்லாப் பேசுதானே.”

சிரித்தோம். பிறகு அவர் சத்தமில்லாமல் அழுதார். அவருக்கும் சேர்த்து நான் சத்தம் போட்டு அழுதேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சிலேட்டில் ஒரே வார்த்தை: “கிளம்பு.”

ஐந்தருவிக்குப் போனோம். அவர் குளிக்கக்கூடாது, துளைக்குள் தண்ணீர் போய்விடும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என் மாற்றுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாரல் எட்டாத தூரத்தில் நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அத்தனை ஜனங்களுக்கு நடுவே.

குளித்துவிட்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். அந்த அருவி இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. பக்கத்தில் ஒருத்தி புருஷன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

இரைச்சலைக் கிழித்துக்கொண்டு இரண்டு கைதட்டல் கேட்டது. திரும்பினேன்.

கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை எடுத்து எனக்காக விரித்துப் பிடித்தார்.