கோழி ஷெட்டில் எட்டு வயலின்

அண்ணா,

இன்று காலை ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, கீபோர்டில் ஒரே சுரத்தைப் பதினாறு தடவை தட்டினேன். புதிதாக இசையமைக்க வருகிறவர்களுக்கென்று ஒரு சாம்பிள் லைப்ரரி வந்திருக்கிறது. நிஜக் கலைஞர்களை ஒவ்வொரு சுரமாக வாசிக்கவைத்துப் பதிந்த ஆர்கெஸ்ட்ரா ஒலிகள். அடுத்த குறும்படத்துக்கு இதை நம்பி இறங்கலாமா என்று பார்க்க வேண்டும். மாதிரிக்குப் போட்டுக் காட்டிய இசை அமர்க்களமாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். பெண் பார்க்க வருகிற அன்று எந்த வீடும் பளபளவென்றுதான் இருக்கும்.

நினைத்தது சரி. மனிதர் வாசித்தால் ஒவ்வொரு தடவையும் துளி மாறும்; இங்கே பதினாறும் ஒரே அச்சு. விசையை அழுத்திப் பிடித்தால் ஏழாவது விநாடியில், பதிவைத் திரும்ப ஓடவிட ஒட்டுப்போட்ட இடம் இடறுகிறது. ஓங்கித் தட்டினால் சத்தம் கூடுகிறதே தவிர, வில்லின் அழுத்தம் மாறவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். ஒத்துப் பார்க்க நிஜ வயலின் வேண்டுமே என்று தேடியபோதுதான் நீங்கள் கொடுத்த பென்டிரைவ் கையில் அகப்பட்டது.

குமாரபாளையம் தறிக்காரர்களைப் பற்றிய குறும்படத்துக்காக நீங்கள் பதிந்து தந்தது அது. நான் இசையமைத்த முதல் படம். வயலின்கள் கூட்டமாக ஒலிக்க வேண்டும் என்று, வயலின் வாசிக்கிற உங்களிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க அம்மிணி, எட்டுப் பேர வெச்சு வாசிச்சுக் கொண்டாரேன்" என்றீர்கள். எருமப்பட்டியில் உங்கள் பண்ணைக் கோழிகளை லாரியில் ஏற்றிவிட்டு, அடுத்த குஞ்சு வரும்வரை ஷெட் காலியாகக் கிடந்த வாரம். "நீள ஷெட்டுங்க, சத்தம் அப்படியே நின்னு கேக்குது" என்று ஒரே குஷி உங்களுக்கு.

யார் அந்த எட்டுப் பேர் என்று கேட்டதற்கு, "எல்லாம் நம்ம ஆளுங்கதானுங்க" என்று மழுப்பினீர்கள். கீபோர்டில் தட்டிவிட்டுக் கதை விடுகிறீர்கள் என்று நானே முடிவு கட்டினேன். நேராகக் கேட்கவில்லை. படத்தின் பெயர்ப் பட்டியலில் 'வயலின் ஒலி: கீபோர்டு' என்று போடச் சொல்லிவிட்டேன். திரையிட்ட அன்று அதைப் படித்துவிட்டு, "பரவால்லீங்க அம்மிணி, படம் நல்லாருக்குது" என்று மட்டும் சொன்னீர்கள். குட்டு வெளிப்பட்டதால் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எந்த வேலைக்கும் உங்களை அழைக்கவில்லை. போன ஆடியில் நீங்கள் இறந்தது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

இன்று அந்தப் பதிவை முதலிலிருந்து கேட்டேன். அன்று படத்தில் சேர்த்தபோது, முன்னால் இருந்த இரண்டு விநாடியை வழக்கம்போல வெற்றிடம் என்று கேட்காமலே வெட்டியிருந்தேன். அது வெற்றிடம் இல்லை. தீவனத் தூசி ஒத்துக்கொள்ளாமல், வில்லை எடுக்கும் முன் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவீர்களே, அந்தச் சத்தம். இடது ஓரத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, நடுவில், வலப்பக்கம். ஹெட்போனை அழுத்திப் பிடித்து எண்ணினேன். எட்டு. அந்த நீள ஷெட்டில் எட்டு இடத்தில் மாறி மாறி உட்கார்ந்து, ஒற்றை ஆளாக எட்டு முறை வாசித்துச் சேர்த்திருக்கிறீர்கள்.

பின் ஏன் எட்டுப் பேர் என்றீர்கள்? தனியாளாக வாசிக்கிறேன் என்றால் நான் வேண்டாம் என்றுவிடுவேன் என்ற பயமா? அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் புத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள் அண்ணா. எவனோ விற்கிற லைப்ரரியைப் பதினாறு தடவை தட்டிப் பார்க்கிற நான், உங்கள் வாசிப்பை ஒரு தடவை முழுதாகக் கேட்டிருக்கலாம்.

அந்த லைப்ரரியைப் பற்றி 'பழகுவதற்கு ஆகும்' என்று மட்டும் எழுதி நோட்டை மூடினேன். அந்தப் படத்தின் இயக்குநரைக் கூப்பிட்டு, பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரைப் போட்டு இணையத்தில் மறுபடி ஏற்றச் சொன்னேன். வெட்டிய இரண்டு விநாடியையும் முன்னால் சேர்த்து அனுப்பினேன்.

மதியம் அவர் அழைத்தார். "ஆரம்பத்துல என்னமோ சத்தம் கேக்குதுங்க. தொடச்சு உட்டரட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். "அது வயலின்காரங்க எட்டுப் பேரு. அப்படியே இருக்கட்டும்."