என் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய அக்காவுக்கு

நேற்று அவிசாவளை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். ஆனாலும் அவள் கைகளிலிருந்து ஒட்டுப்பால் வாடை வந்தது. ரப்பர் மரத்தில் வடிந்து காய்ந்த பாலின் அந்தப் புளித்த வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது என்பீர்கள். "புருசன்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிருவான் டீச்சர். சம்பளத்தன்னைக்கி மட்டும் மல்லியப்பூ வாசம் அடிக்கும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இறங்கும்வரை அப்படியே இருந்தேன்.

அக்கா, இறந்தவர்கள் எதையும் வாசிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். களைத்துப்போன ஒருத்திக்குப் பேச இதைவிட வசதியான ஆள் வேறு யார்?

தொண்ணூற்றிரண்டின் மழைக்காலத்தில் நான் தெஹியோவிட்டவுக்கு மேலே உங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். பட்டம் பெற்றுப் பல வருடம் காத்திருந்து கிடைத்த ஆசிரியர் நியமனம். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில். நடுவில் போர். லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவைப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு அடுத்தது உங்களுடையது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை போகாது. நான் இருமினால் நீங்கள் அந்தப் பக்கமிருந்து மருந்து சொல்வீர்கள்.

முதல் நாள் என் காலில் அட்டை ஏறி நான் கத்தியபோது, உப்புத்துணியோடு வந்து நின்று சிரித்தீர்கள். "இதுக்கே இப்புடியா? இன்னும் எங்கள எல்லாம் பாக்கலியே நீங்க!" பிறகு என்னைப் பற்றிய விசாரணை. கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, உங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளே இல்லையா. பதில் சொல்லாமல் இருப்பது என் இயல்பு. அதை நீங்கள் பொருட்படுத்தியதே இல்லை. கேள்வியையும் பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டு போவீர்கள்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. "மரத்துக்கு லீவு" என்று சொல்லி என் வாசலில் வந்து உட்காருவீர்கள். எனக்கு அது தொல்லையாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். வீட்டு நினைவோடு தனியாக இருக்கவும் அந்த இடத்தில் வழியில்லை.

வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். எனக்குச் சிங்களம் வராது. நீங்கள்தான் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தீர்கள். சார்ஜன்ட்டிடம் நீங்கள் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்ல, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும் வழியில் கேட்டேன். "இந்தம்மாவுக்கு எங்ககூடப் பேசவே வாய் வராது, இவுங்களா குண்டு வைக்கப் போறாங்கன்னேன்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் பதிந்துகொண்டாரே.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டுக் கிளம்பிய செய்தியை வானொலியில் கேட்ட பிறகு, அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாமல் மாதங்கள் போயின. ஒரு மத்தியானம், டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, தோட்டத்து லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: கொழும்பிலிருந்து டீச்சருக்கு டெலிபோன். மறுமுனையில் ஒன்றுவிட்ட அக்கா. அப்பா இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டதாம். நானா கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு சோடாவை உடைத்து என் கையில் தந்தார். "அல்லாஹ்ட நாட்டம் டீச்சர். குடிங்க."

நான் மலை ஏறி வந்து, யாரிடமும் சொல்லாமல், அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தேன். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த நாளில் வடக்கில் ஒரு சாவு என்றால், யார் செத்தது, எப்படிச் செத்தது, உனக்கு என்ன உறவு என்ற கேள்விகள் வரும். அழவேண்டும் போலிருந்தது. அழுதால் உங்கள் சுவருக்குக் கேட்கும். சுவருக்குக் கேட்டால் லயத்துக்குக் கேட்கும். லயத்திலிருந்து சந்திக் காவலரணுக்கு எவ்வளவு தூரம்?

ஆனால் லொறிக்காரர் உங்களிடம் சொல்லிவிட்டிருந்தார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து குடத்தோடு நேரே உள்ளே வந்தீர்கள். குடத்துத் தண்ணீரை அப்படியே என் அடுப்பில் ஊற்றினீர்கள். சாம்பலும் புகையும் கிளம்பி இருவரும் இருமினோம்.

"சாவு வீட்டுல எவளாவது அடுப்பு மூட்டுவாளா? ஒனக்கு யாருமில்லன்னு நெனச்சியா புள்ள?"

நீங்கள் என்னை ஒருமையில் அழைத்தது அன்றுதான்.

"அது எல்லாம் முடிஞ்சுது அக்கா. அந்தியேட்டியும் செய்திட்டினம்."

"அங்க முடிஞ்சிருச்சு. இங்க இன்னைக்குத்தான செத்துருக்காரு."

உங்கள் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து சாவு வீட்டு அடையாளமாக வாசலில் கட்டப் போனீர்கள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "வேண்டாமக்கா. பொலிஸ் வந்தா என்ன சொல்லுறது?"

"வரட்டும். ஆண்டவன் எனக்கு வாயக் குடுத்தது சோறு திங்க மட்டுமா?"

ஈரக் குடைகளை வெளியே சாய்த்துவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள், "அப்பா என்னா வேல டீச்சர்?" தபால் கந்தோரில் கிளார்க் என்றேன். அது ஒப்பாரிப் பாட்டுக்குள் அடங்கவில்லை போலும். நீங்களே தொடங்கினீர்கள்.

"மல மேல போறவரே, என்னப் பெத்த அப்பா,
மழ வருது நில்லுங்களே.
கொட புடிக்க ஆளிருந்தும், என்னப் பெத்த அப்பா,
தனிய நீங்க போனதென்ன."

என் அப்பா மலையைக் கண்டதே இல்லை. சமதரையில் பிறந்து, சைக்கிளில் ஒரே தெருவில் போய்வந்து, கோயில் கோபுரத்தைவிட உயரமான எதையும் பாராத மனிதர். அவரை நீங்கள் எல்லாருமாக மலைக்கு மலை ஏற்றினீர்கள். தோட்டத்துச் சாவுக்கு மலை ஏறாமல் வழியில்லை அல்லவா, மயானம் அங்கேதானே இருக்கிறது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சிரிப்பு முட்டியது. பிறகு எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. யாரோ என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டார்கள். மடியிலும் ஒட்டுப்பால்.

பொலிஸ்காரர்கள் வந்துதான் விட்டார்கள். அதே சார்ஜன்ட்டும் ஒரு ஊர்க்காவல்காரரும். "கவுத மெருணே?" என்று கேட்டார். யார் செத்தது என்ற அந்தக் கேள்வி அதற்குள் எனக்கும் விளங்கும் அளவுக்குச் சிங்களம் வந்திருந்தது. நீங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள்.

"அபே தாத்தா." எங்கள் அப்பா.

உங்கள் அப்பாவைப் புதைத்தது நான் வந்த வருடம். அந்தச் சார்ஜன்ட் அன்றைக்குப் பந்தலில் இருந்து பிளேன்டீ குடித்தவர். அவர் உங்களைப் பார்த்தார். உள்ளே என்னைப் பார்த்தார். உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டு, "ஹரி, ஹரி", சரி சரி, என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். அதில் பெரிய கருணை எதையும் தேட நான் விரும்பவில்லை. மழையில் நின்று விசாரிக்க அலுப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் நின்றது நீங்கள். பொய் பிடிபட்டிருந்தால் அன்று ஜீப்பில் ஏறுவது நான் மட்டுமாக இருந்திராது.

உள்ளே வந்து என் காதில் சொன்னீர்கள்: "எங்கப்பன ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டேன். பரவால்ல, அந்தாளு ஒரு கால் போத்தல் காட்டுனா எதையும் மன்னிச்சிரும்."

கருமாதி என்று நீங்கள் குறித்த நாள் வரை என் அடுப்பு எரியவில்லை. சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வீடு மாறி வீடு மாறி வந்தன. அதன் பிறகு இடமாற்றம் கேட்கக்கூடிய வருடங்கள் எத்தனையோ வந்தன. நான் கேட்கவில்லை. நன்றியால் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஓரிடத்தில் ஒருவருக்காக அழுதுவிட்டால், அங்கிருந்து பெட்டியைத் தூக்குவது சிரமமாகிவிடுகிறது. அவ்வளவுதான்.

நீங்கள் போனபோது நான் விடைத்தாள் திருத்தக் கொழும்பில் இருந்தேன். திரும்பி வருமுன் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு சாவுக்கும் நான் பிந்தித்தான் போயிருக்கிறேன். எனக்கு ஒப்பாரி வராது. உங்கள் மருமகள் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, என் பக்கத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு தம்பி வந்தான். அப்பாவின் கடைசி நாட்களைச் சொன்னான். ஒரு பள்ளிக்கூட மண்டபம், சாக்கு விரிப்பு, கிடைக்காத மருந்து. நடந்தது அதுதான். கவனமாகக் கேட்டேன். ஆனால் அப்பாவின் சாவு என்றதும் எனக்குள் எழுவது அது அல்ல. அப்பா மழையில் ரப்பர் மலை ஏறிப் போகிறார், அவர் வாழ்நாளில் ஏறாத மலை. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல, இதையும் நம்பவில்லை. ஆனாலும் வருகிறது. இப்போதெல்லாம் அவருக்கு முன்னால் நீங்கள் நடக்கிறீர்கள், செடியை விலக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல்: "பாத்துக் கால வைங்கப்பா, வழுக்கும். என்னா, மகளாட்டம் நீங்களும் வாயே தெறக்க மாட்டீங்களா?"