அப்பாவுக்கு வைத்த பரீட்சை

ஜூன் 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே உனக்கு ஏதாவது கூட்டம் வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உங்கள் செவிலியர் தேர்வுப் பிரிவின் சுற்றறிக்கை வந்தது. எத்தனை வருஷம் சர்வீஸ் ஆகியிருந்தாலும், நாட்டில் உள்ள எல்லா நர்ஸும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடைமுறைத் தேர்வுக்கு வந்து வேலையைச் செய்து காட்ட வேண்டுமாம். தேறாதவரின் வார்டுக்குப் பயிற்சி மாணவிகளை அனுப்பமாட்டார்களாம். கீழே உன் கையெழுத்து. வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவந்தேன். உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பெத்த அப்பாவுக்கே பரீட்சை வெச்சுட்டா பாருங்க. கணக்குப் போடு, கணக்குப் போடுன்னு சின்னதுல அவ உயிரை வாங்கினீங்களே, நல்லா வேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸாக ஆண்கள் வார்டிலேயே என் தலை நரைத்தது. ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் டாக்டர்களே "சாரைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். நீ மூன்றே வருஷம் வார்டில் நின்றாய், பிறகு நாற்காலிக்குப் போய்விட்டாய். கோபித்துக்கொள்ளாதே. நோயாளியைத் தொடாதவளை நர்ஸ் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. யாராவது கேட்டால் "பொண்ணு ஆபீஸ்ல இருக்கா" என்றுதான் சொல்கிறேன்.

மூத்தவர்களுக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு வேண்டும் என்று எங்கள் சங்கம் ஆகஸ்ட் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறது. அதை ஆதரித்துப் பேச என்னைக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது என்று தோன்றியது.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவர் தனக்கு மட்டும் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் தனியாக விசாரிப்பேன்.

நாற்காலி என்றீர்களே, அதில் நான் உட்காரும் நேரம் குறைவு. இந்த வருஷம் முழுக்கப் பள்ளி பள்ளியாக அலைந்தேன். ஒரு பயிற்சிப் பள்ளியில் ஊசி போட்டுப் பழக ஒரே ஒரு ரப்பர் கை. அதுவும் பூட்டிய அலமாரிக்குள். சாவி முதல்வரிடம், முதல்வர் விடுமுறையில்! இன்னொரு பள்ளியில் மாணவிகள் மூன்று வருஷமும் விரிப்பு மாற்றியிருக்கிறார்கள், தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி என்னை ஓரமாக அழைத்து, "ஊசி போட்டதில்ல மேடம், போடறதைப் பார்த்திருக்கேன்" என்றாள். அவள் கையிலும் அதே சான்றிதழ்தான் வந்து விழப்போகிறது, உங்களிடம் வேலை பழகியவள் கையிலும் அதே சான்றிதழ்தான். படுக்கையில் கிடக்கிறவருக்கு எப்படித் தெரியும், தன் பக்கத்தில் நிற்பவள் எந்தப் பள்ளியில் படித்தவள் என்று?

பள்ளிகளைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டோம். ஆனால் மாணவிகள் பாதி வேலையை வார்டில் இருக்கும் மூத்தவர்களைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். அந்த மூத்தவர்களுக்கு விலக்கு கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது அப்பா?

தேர்வுக்குப் போங்கள். பேசுவதாக இருந்தாலும் போய்வந்து பேசுங்கள். உங்கள் தேர்வு மையத்துப் பக்கமே நான் வரமாட்டேன்.

"ஆபீஸ்ல இருக்கா" என்பது வலித்தது. மனசில் வைத்துக்கொண்டு குமைவதைவிட எழுதிவிடுகிறேன்.

உங்கள் மகள்

ஜூலை 12

மகளுக்கு,

போனேன். ஃபெயில்.

சிரிக்காதே. ஒரு கட்டிலில் பைஜாமா போட்ட ஒரு பையனைப் படுக்கவைத்திருந்தார்கள். நோயாளியாக நடிக்கிறானாம். அவன் இருமிய பொய் இருமலுக்கு நான்தான் அவனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கையைக் கழுவினேன், பக்கத்தில் போய் நின்றேன், "என்ன தம்பி, காலையில யார் முகத்துல முழிச்சீங்க, இங்க வந்து படுத்திருக்கீங்க?" என்றேன். பையன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். ரப்பர் கையில் முதல் குத்திலேயே ரத்தக்குழாய். மருந்து, அளவு, நேரம் எல்லாம் கச்சிதம். தேர்வாளர் அம்மா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். பாராட்டுப் பத்திரம் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரைக் கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்க்கவில்லையாம். அந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்ற எதற்கும் மார்க் கிடையாதாம். இது என்ன நியாயம்? என் வார்டில் படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை பார்க்க வரவில்லை என்பதுவரை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கமாட்டார்களா?

அடுத்த மாதம் முதல் என் வார்டுக்கு மாணவிகள் வரமாட்டார்கள் என்று மேட்ரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தப் பிள்ளைகள் இல்லாமல் வார்டு எப்படி இருக்கும் என்று எனக்கு நினைக்கவே முடியவில்லை. பொதுக்கூட்டத்தில் வாய்க்கு வந்ததைப் பேசப்போகிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன், அவ்வளவுதான் உனக்கு நான் காட்டும் சலுகை.

அப்பா

ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மையத்தில் அதே வாரம் கடைசி வருஷ மாணவிகளும் தேர்வுக்கு வந்தார்கள். வார்டு வாரியாக முடிவு எங்களுக்கு வந்திருக்கிறது, உங்கள் மேட்ரனுக்கும் போயிருக்கும். உங்களிடம் வேலை பழகியவர்கள் ஆறு பேர். நோயாளியின் பயத்தைப் போக்குவதிலும், வலிக்காமல் ஊசி போடுவதிலும் அந்த ஆறு பேர் அளவுக்கு நாட்டில் யாரும் மார்க் வாங்கவில்லை. ஆறு பேரும் ஃபெயில். ஆறு பேரும் பெயரைக் கேட்கவில்லை.

உங்கள் முடிவை எழுதிய அதே தேர்வாளர், "இவர்கள் அனைவருக்கும் ஒரே கை. இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவரைப் பார்க்க ஆசை" என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் என் அப்பா என்று எனக்குக் கர்வமாக இருந்தது. அடுத்த வரிக்குப் போகும்முன் அழுதுவிட்டேன்.

உங்கள் வார்டில் ஒன்றும் ஆகாது. உங்களுக்கு எல்லோரையும் தெரியும். ஆனால் அந்த ஆறு பேரும் யாரையுமே தெரியாத வார்டுக்குப் போவார்கள். அங்கே காலையில் ஒருவர் படுத்த கட்டிலில் மாலையில் வேறொருவர் படுத்திருப்பார். உங்கள் சிரிப்பையும் உங்கள் பேச்சையும் கொண்டுபோவார்கள். உங்கள் ஞாபகசக்தியை எப்படிக் கொண்டுபோவார்கள்?

நீங்கள் மேடையில் என்ன பேசினாலும் நான் அந்த விதியை எடுக்கமாட்டேன். பேசிவிட்டீர்கள் என்பதற்காக வீட்டுக்கு வராமலும் இருக்கமாட்டேன். நோயாளியைத் தொடாதவள் என்கிறீர்கள். நான் முகம் பார்க்கவே போகாத எத்தனையோ பேர் படுக்கையில் தவறான மருந்து போய்ச் சேராமல் இருக்கத்தான் இந்தப் பாடு படுகிறேன். அதற்குப் பெயர் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 18

அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். வேண்டுமென்றே தாமதித்தேன், முதலில் உன்மேல் அவ்வளவு கோபம்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை வார்டு வாசலில் ஓரமாக நின்று பார்த்தேன். சுருட்டை என்று நாங்கள் கூப்பிடும் மாணவி ஒரு பெரியவரிடம் மருந்தோடு போனாள். "என்ன தாத்தா, ராத்திரி தூங்கினீங்களா, இல்ல என்னைத் திட்டிக்கிட்டே இருந்தீங்களா?" என்றாள். அது என் வசனம். தலையைச் சாய்த்தது, தலையணையைத் தட்டிவிட்டது எல்லாம் நான். பெரியவர் சிரித்துக்கொண்டே மருந்தை வாங்கி விழுங்கினார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை, ஆனால் உன் கடிதமும் ஞாபகம் வந்தது.

வெளியே கூப்பிட்டு, "பேரைக் கேட்டியா?" என்றேன்.

"நீங்க கேக்க மாட்டீங்களே சார்" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை. கற்றுக்கொண்டதைத்தான் சொன்னாள்.

பொதுக்கூட்டத்தில் அரங்கு நிறையக் கூட்டம். என் பெயரைச் சொன்னதும் கைதட்டல். மைக்கைப் பிடித்து, "நான் ஃபெயில் ஆயிட்டேன். பரீட்சையை வெச்சது என் பொண்ணு. நியாயமாத்தான் ஃபெயில் பண்ணியிருக்கா" என்றேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தேன், மன்னித்துக்கொள். பின்னாலிருந்து செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "துரோகி" என்று ஒரு குரல்கூட வந்தது. விடவில்லை. "என்கிட்ட படிச்ச புள்ளைங்க ஆறு பேரு. நல்லதையும் என்கிட்டதான் எடுத்தாங்க, தப்பையும் என்கிட்டதான் எடுத்தாங்க. எனக்கு விலக்கு குடுத்தா அந்தத் தப்புக்கும் சேர்த்துதானே விலக்கு?" என்று கேட்டேன்.

தீர்மானம் தோற்றுவிட்டது என்று நினைத்துக் குதிக்காதே. தள்ளிவைத்திருக்கிறார்கள், பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒன்று உருப்படியாக முடிவானது. தேர்வு வைக்கிறீர்கள், சரி. டூட்டிக்கு மேல் டூட்டி பார்க்கிறவள் எப்போது பழகுவாள்? அதற்குச் சம்பளத்தோடு நாள் கொடுங்கள். இதைச் சங்கம் கேட்கிறது, நானும் கேட்கிறேன். இதில் நீ சொல்வதைக் கேட்கமாட்டேன்.

வார்டில் இப்போது எல்லோரிடமும் பெயர் கேட்கிறேன். "நேத்துதானே கேட்டீங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்கிறார் அந்தப் பெரியவர். "வயசாயிடுச்சுங்க, தினமும் சொல்லுங்க" என்கிறேன். மறுதேர்வு அடுத்த மாதம்.

அப்பா

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அவசரமாக நாலு வரி. பயிற்சி நாள்களைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும் என்று விதியில் சேர்த்துவிட்டோம். நாடு முழுவதற்கும். நீங்கள் எழுதியது சரி, நாங்கள் அதை யோசிக்காமல் விட்டது தவறு.

உங்கள் பேச்சு இங்கேவரை வந்துவிட்டது. இயக்குநர் என் மேஜைக்கே வந்து, "இவர் உங்க அப்பாவா?" என்று கேட்டார். "ஆமாம் சார், எங்க அப்பாதான்" என்று தேவையில்லாமல் இரண்டு முறை சொன்னேன்.

மறுதேர்வு என்னவாயிற்று? முடிவு என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்துக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மகள்

அக்டோபர் 3

அனுப்புநர்: பொறுப்புச் செவிலியர், ஆண்கள் வார்டு
பெறுநர்: தலைவர், செவிலியர் பயிற்சி மற்றும் தேர்வுப் பிரிவு

பொருள்: நடைமுறைத் தேர்வாளராகப் பணியாற்ற விண்ணப்பம்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நடைமுறைத் தேர்வு நடத்த அனுபவமுள்ள செவிலியர்கள் தேவை என்ற தங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். நான் இத்தேர்வில் ஒருமுறை தோற்று, சென்ற மாதம் தேறியவன். என் வார்டில் பயின்ற மாணவிகள் ஆறு பேரும் என்னோடு மறுதேர்வுக்கு வந்து தேறிவிட்டார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன். பணிவுடன் என்று எழுதியது வழக்கத்துக்காக. எனக்கு ஒரே பெருமை.

நாட்டின் எந்த மூலைக்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருக்கிறேன். ரப்பர் கையைப் பூட்டிவைத்திருக்கும் பள்ளி ஏதாவது இருந்தால் முதலில் அங்கே அனுப்பவும். முழங்காலுக்கு மருந்து சாப்பிடுகிறேன், மனைவி சாட்சி.

நெருங்கிய உறவினர் இத்துறையில் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. என் மகளும் செவிலியர். தங்கள் பிரிவின் தலைவராக இருப்பவர் அவரே. ஆகவே இந்த விண்ணப்பத்தை அவர் பரிசீலிக்கக் கூடாது. படிப்பதை இத்துடன் நிறுத்திவிட்டு, வேறு அதிகாரியிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மகள் என்பதால் சலுகை கிடைக்கும் என்று எண்ணி இதை எழுதவில்லை. கிடைக்காது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அப்பா