பெயர் வெட்டிய பெட்டி

அன்று கிரீஸ் தீவொன்றில் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் சிநேகிதி நீர், என் மகள் தர்சினி, அவளுக்கு நிச்சயித்திருந்த நிக்கோஸ், நிக்கோஸின் தாய் எலேனி. என் மனிசன் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து மெல்பனில் படுத்திருந்தபடியால் அவருடைய இடத்தில் நீர் வந்தீர். மேசைக்கு அடியில் ஒரு பூனை கிடந்தது. அதையும் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதாமல் விட்டது வேறு.

இன்று காலை உம்முடைய மகள் ஜெசிந்தா வந்தாள். உம்முடைய அறையை ஒழுங்குபடுத்துகிறாளாம். துவாயால் சுற்றிய ஒரு சாமானைக் குசினி மேசையில் வைத்து, "அம்மா இதை மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க விடேல்லை, அன்ரி. பிறகு பாத்தா அடியில ஏதோ தமிழ்ல கிடக்கு. அப்பாதான் வாசிச்சுச் சொன்னவர், உங்கட பேராம்" என்றாள்.

என்னுடைய சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. கவிழ்த்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக 'பரமேஸ்வரி'. என் கலியாணத்துக்கு வாங்கிய பாத்திரம் ஒவ்வொன்றிலும் அம்மா பெயர் வெட்டித்தான் தந்தார். நாலு வீட்டுப் பாத்திரங்களோடு கலந்தாலும் நம்முடையது நம்மிடம் திரும்பி வரும் என்பார். மூடியைத் திறந்தேன். கழுவித் துடைத்து, மணம் பிடிக்காமல் இருக்க ஒரு கராம்பு போட்டு வைத்திருந்தீர். அந்தக் கராம்பு மணம் மேலெழுந்தபோது கதிரையில் இருந்துவிட்டேன். ஜெசிந்தா நான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள். அது அழுகை இல்லை, வெட்கம். அவளுக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

நான் கார் ஓடப் பழகவில்லை. பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோனது வேதக்காரியான நீர். நான் உள்ளே கும்பிட்டு வரும்வரை காருக்குள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பீர். "உம்மட சிவனோட எனக்கு ஒரு கோவமும் இல்லை, பரமேஸ். பார்க்கிங் கிடைக்காததுதான் கோவம்" என்பீர். நான் கொண்டுவரும் மோதகத்தில் பாதி வீடு சேர முன்னமே முடிந்துவிடும். என் விரதங்களை என்னைவிட அறிந்தவர் நீர். அதனால்தான் இந்தக் கதை எனக்கு இன்னும் கூசுகிறது.

எலேனியின் சிறிய தாயாரின் மகன் அந்தத் தீவில் கடலைப் பார்த்தபடி ஒரு சாப்பாட்டுக் கடையும் பாரும் வைத்திருந்தார். ஒரு முழுநாளும் அங்கே கழிக்க எலேனி எங்களை அழைத்திருந்தார். சம்பந்திகள் முதன்முதல் ஒன்றாக இருந்து சாப்பிடும் நாள். அது வெள்ளிக்கிழமையாக வந்து வாய்த்தது. எனக்கு அன்று மீனோ இறைச்சியோ, மச்சம் ஒன்றும் ஆகாது, மச்சம் சமைத்த சட்டியில் வெந்ததும் ஆகாது. தர்சினியிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் எலேனியிடம் சொல்லியிருப்பாள். வந்த இடத்திலும் இவைக்கு ஆயிரம் சட்டம் என்று நினைத்துவிடுவார்களோ என்று நான் வாய் திறக்கவில்லை.

விடிய எழும்பி, தங்கியிருந்த வீட்டுக் குசினியில் இடியப்பம் அவித்தேன். மெல்பனிலிருந்து மாவும் உரலும் என் சூட்கேசில் வந்திருந்தன. நீர் தட்டுகளை எடுத்துத் தந்தபடி, "கிரீசுக்கு இடியப்ப உரலோட வந்த முதல் மனிசி நீராத்தான் இருக்கும்" என்று சிரித்தீர். சம்பலும் இடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். என் கைப்பை சின்னது.

"உம்மட பைக்குள்ள வையுமன்" என்றேன்.

"வையும், வையும். பிடிபட்டா நான் இந்த மனிசியைக் கண்டதே இல்லை எண்டு சொல்லுவன்" என்றீர்.

சாய்மனைக் கதிரைகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. கிடுகுபோல் ஏதோ வேய்ந்த குடைகள். பாரிலிருந்து பாட்டு மணலையே அதிரவைத்தது. உடுப்பு என்று சொல்ல முடியாத உடுப்போடு சனம் கிளாசுகளை ஏந்தித் திரிந்தது. அவ்வளவு பேருக்குள் நான் ஒருத்தி சேலையில். நீரோ வந்த உடனே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டீர். எலேனியின் முகம் எப்படிப் போகிறது என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைதட்டிச் சிரித்தார். எனக்குத்தான் உடம்பு கூசியது.

கடை வாசலில் கட்டிய கயிற்றில் ஒக்டோபஸ்களைக் காயப்போட்டிருந்தார்கள். நீர் அப்படியே நின்றுவிட்டீர்.

"பாருமப்பா, பேய்க்கணவாய். மன்னாரில அப்பா இப்பிடித்தான் காயப்போடுறவர். சுட்டுத் தருவார். அதுக்குப் பிறகு நான் தின்னவே இல்லை. இண்டைக்கு ஒரு முழுக் கால் தின்னாமல் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்."

எலேனி எங்களைக் கேட்காமலே எல்லோருக்கும் அதைத்தான் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சொந்தக்காரரைப் பார்க்க உள்ளே போனார். தர்சினியும் நிக்கோசும் கடலில். காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் என் வாயில் படவில்லை. அவர்கள் வருவதற்குள் நாலு வாய் சாப்பிட்டுவிடலாம் என்று, உம்முடைய பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசையில் திறந்தேன். பக்கத்து மேசைக்காரர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்.

பரிமாறும் பெண் வந்தாள். பின்னாலேயே எலேனி, அவருக்குப் பின்னால் ஈரத்தோடு பிள்ளைகள் இருவரும். வெளிச் சாப்பாடு இங்கே கூடாது, மன்னிக்க வேண்டும், இது யாருடையது என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். என் ஆங்கிலம் வானொலி கேட்டும் நூலகத்துப் பிள்ளைகள் புத்தகம் வாசித்தும் தேடிக்கொண்டது. ஒரு வாக்கியம் சொல்வதற்கு முன் மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பேன். அன்று சொல்லிப் பார்க்கவே இல்லை. என்னுடையது இல்லை, இவருடையது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். விரலாலும் உம்மைக் காட்டினேன்.

நீர் என்னைப் பார்த்தீர். பிறகு பெட்டியை எடுத்து உம்முடைய மடியில் வைத்தீர். "ஓம், என்ர தான்" என்று முதலில் தமிழில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், எனக்கு வயிறு சரியில்லை, டொக்டர் இதைத்தான் சாப்பிடச் சொன்னவர், குறை நினைக்க வேண்டாம் என்றீர்.

எலேனி பதறிப்போனார். பெட்டியை மூட வேண்டாம், நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார். ஒக்டோபஸ் வந்தபோது உமக்கு அது ஆகாது என்று உம்முடைய பங்கையும் எடுத்து என் தட்டில் வைத்தார்.

தர்சினி மெதுவாக, "அம்மா, இண்டைக்கு ஃப்ரைடே எல்லோ?" என்றாள்.

"பயணத்தில விரதம் இல்லை, பிள்ளை" என்றேன்.

என் வெள்ளிக்கிழமையை நீர் சாப்பிட்டீர். நீர் ஆசைப்பட்டதை நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு துண்டையும் விழுங்கிவிட்டு, நல்லாயிருக்கிறது என்று எலேனியிடம் சொன்னேன். நீர் இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டபோது இடது கையைப் பெட்டிக்கு அடியில் விரித்து ஏந்தியபடி இருந்தீர். பெயர் தெரியாமல் மறைக்கிறீர் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம் இருவர் மட்டும். தர்சினிக்குக்கூட எழுத்துத் தெரியாது. யாருடைய கண்ணில் படக்கூடாது என்று மறைத்தீர்? என் கண்ணில்தானே.

திரும்பி நடக்கும்போது ஏதாவது பேசுவீர், ஏசுவீர் என்று காத்திருந்தேன். "இடியப்பம் நல்ல மெதுமை, பரமேஸ்" என்றீர்.

அன்று பின்னேரம் கொப்பியை எடுத்தேன். அன்றாடம் என்ன சமைத்தேன், யார் வந்தார்கள், என்ன விரதம் என்று முப்பது வருடமாக எழுதுகிறேன். அதில் பொய் எழுதியதில்லை. அன்று 'வெள்ளி. விரதம்.' என்று எழுதிச் சரி அடையாளமும் போட்டேன்.

மெல்பனுக்கு வந்த பிறகு பெட்டியைப் பற்றி நீரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அது என்னுடையது என்று ஆகிவிடும். வெள்ளிதோறும் உம்முடைய காரில் ஏறினேன். தீபாராதனையின்போது கண்ணை மூடினால் உம்முடைய இடது கை தெரியும்.

பிறகு உமக்கு உண்மையாகவே வயிற்றில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தபடி ஒரு நாள் சிரித்தீர். "கேட்டீரோ, பரமேஸ்? அந்தத் தீவில சொன்ன பொய் இப்ப மெய்யாப் போச்சு."

பகிடிக்குத்தான் சொன்னீர். ஆனால் வாய்ச்சொல் பலிக்கும் என்று நம்புகிறவள் நான். அந்தச் சொல்லை உம்முடைய வாயில் வைத்தவளும் நான். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல வாசல் திறக்காது. நான் போர்வையை இழுத்துச் சரிசெய்து, "தண்ணி வேணுமோ?" என்றேன். "வேண்டாமப்பா" என்றீர். அடுத்த கிழமை நீர் இல்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மெல்பனில் எலேனி வீட்டுக்குப் போயிருந்தோம். குசினியில் ஒக்டோபஸ் வெந்துகொண்டிருந்தது. தங்களுக்கும் வெள்ளி விரத நாள், இறைச்சியும் மீனும் கூடாது, இரத்தமில்லாத இதற்குத் தடையில்லை, தன் தாய் காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார். தீவிலும் வெள்ளி என்றபடியால்தான் அதைக் கொண்டுவரச் சொன்னாராம். உங்கள் சிநேகிதி பாவம், அன்றும் வயிற்றால் கஷ்டப்பட்டார் என்று கண் கலங்கினார்.

நானும் விரதம், அவரும் விரதம். ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து உம்மைக் காட்டிக்கொடுத்தேன். அவர் கண் கலங்கி நின்றபோதும் நான் ஓம் என்று தலையாட்டினேன்.

ஜெசிந்தா போன பிறகு பழைய கொப்பியைத் தேடி எடுத்து, அந்தச் சரி அடையாளத்தை வெட்டினேன். 'விரதம் முறித்தேன். பெட்டி என்னுடையது' என்று பக்கத்தில் எழுதினேன். அதோடு மனம் ஆறவில்லை.

வருகிற வெள்ளி எலேனி இங்கே சாப்பிட வருகிறார். இடியப்பம் அவித்து இந்தப் பெட்டியிலேயே மேசைக்கு வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னால் உம்முடைய வயிற்றுக் கதையும் பொய் என்று வெளிவரும். எலேனி இன்றுவரை உமக்காக வருந்துகிறார். எனக்காகச் சொன்ன பொய் என்றாலும் அது உம்முடையது. உம்மைக் கேட்காமல் உடைக்க எனக்கு உரிமை இல்லை. ஒருமுறை உம்மைக் கேட்காமல் செய்தது போதும்.

சொல்லட்டோ, விடட்டோ? வெள்ளிக்கு முன்னம் மறுமொழி தாரும்.