பொருந்தாத மரை

செப்டம்பர் 9, செவ்வாய்

சிலிண்டர் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் கிடந்த பொக்லைன் சிலிண்டர், எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்குவது. தண்டில் ஒரு கீறல் இல்லை. டிராக்டருக்கு முன்னால் நான் பற்றவைத்திருக்கும் முள்வாரியை இனி இதுதான் தூக்க வேண்டும். குருவிகுளம் பக்கத்து நிலம் முழுக்கச் சீமைக்கருவை. ஐப்பசி மழைக்குள் வேரோடு பிடுங்கினால்தான் உளுந்து. இந்த வருசமும் தரிசு என்றால் பெண்டாட்டி செல்வி முகத்தில் முழிக்க முடியாது.

ஒரே இடைஞ்சல்: டிராக்டரின் எண்ணெய் ஓஸின் மரை வேறு, சிலிண்டர் வாயின் மரை வேறு. இரண்டு சுற்று லேசாக ஏறுகிறது, அப்புறம் முரண்டு பிடிக்கிறது. பட்டறை சலாவுதீன் பாயிடம் காட்டினேன்.

"நடுவுல ஒரு அடாப்டர் கடையணும் வே. சனிக்கிழமை வாரும்."

சனிக்கிழமையாம்! மேகம் இவருக்காகக் காத்திருக்குமா?

செப்டம்பர் 11, வியாழன்

நானே மாட்டிவிட்டேன். எத்தனை கிணற்றில் மோட்டார் பைப் இறக்கியவன் நான்! மரையில் நூல் சுற்றி, அதன்மேல் டேப் சுற்றி, பெரிய ரெஞ்சு போட்டு ஒரே இறுக்கு. உட்கார்ந்துவிட்டது.

வீட்டு வாசலிலேயே ஓட்டிப் பார்த்தோம். செல்வி டிராக்டர் மேல். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். இதை அவளிடம் சொல்வதில்லை. லீவரைத் தள்ளினாள், முள்வாரி ஆடி அசைந்து எழுந்தது. விசில் அடித்தேன்!

ஓஸும் சிலிண்டரும் சேரும் மூட்டில் மட்டும் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. கிணற்று பைப்பில் ஒழுக்கு பார்ப்பது போல விரலால் தடவினேன். சுருக்கென்றது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை.

மாலை: விரல் விண்விண் என்கிறது. எங்கேயோ ஒட்டியிருந்த கருவை முள்தான், வேறென்ன? ஊக்கால் நோண்டினேன், அகப்படவில்லை. எருக்கம்பால் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

விரல் கத்தரிக்காய் மாதிரி. நிறமும் அதே. காலையில் கிளினிக்கில் முள் குத்தியது என்றேன். ஊசி போட்டு மாத்திரை தந்தார்கள்.

மதியம்: பேனா சரியாகப் பிடிக்க முடியவில்லை. செல்வி விரலை மோந்து பார்த்தாள்.

"முள்ளுல எண்ணெய் வாடை எப்படி அடிக்கும்? நேத்து நீங்க கருவைப் பக்கமே போவலையே."

"போ, ஒனக்கு என்னட்டி தெரியும்" என்றேன். அவள் பாய்க்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "கையால தொட்டாரா? அட ஆண்டவனே! அது கிணத்துத் தண்ணியா தாயி? அழுத்தத்துல பீச்சுற எண்ணெய், தோலைத் தொளைச்சு உள்ள போயிருக்கும். இப்பவே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போ. வீக்கம் வத்தட்டும்னு இருந்துராதீய."

பயமாக இருக்கிறது. உள்ளங்கைவரை மரத்துவிட்டது. கோமதி அம்பாளே — கை வேணும் தாயே. கை இல்லாம எதைப் பிடிச்சு நான் பொழைப்பேன்? வாசலில் கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இடது கை எழுத்து. விரல் போய்விட்டது. கை இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

எண்ணெய் உள்ளங்கைவரை ஓடியிருந்ததாம். குத்தின அன்றே வந்திருந்தால் விரலும் மிஞ்சியிருக்கலாம் என்றார் டாக்டர். முள் என்று சொன்னது நான்தானே? யாரைத் திட்ட?

செல்வி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தச் சிலிண்டர் சனியனை இரும்புக்கு எடை போட்டுரு" என்றேன்.

"வெரலக் குடுத்தாச்சு. அதையும் குடுக்கணுமாக்கும்?" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே பாயிடம் கொடுத்து, நான் நெரித்துக் கெடுத்த சிலிண்டர் வாயைச் சரிபண்ணி, அடாப்டரும் கடைந்து வாங்கி வைத்திருக்கிறாள். பாவி மட்டை, என்னிடம் மூச்சுவிடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மேற்கே மேகம் கட்டி நிற்கிறது. காலையில் குருவிகுளம் போனோம். செல்வி ஓட்ட, நான் விரலுக்குப் பதிலாக ஒழுக்கு பார்க்க ஒரு காகித அட்டையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன், சும்மா கிடக்கிற ஆள் மாதிரி. முதல் கருவை மடமடவென்று வேரோடு மேலே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வி எஞ்சினை நிறுத்தவில்லை. மேலேயிருந்து குதித்து ஓடி வந்தாள். "ஏங்க, ஒரு சொட்டு ஒழுகலையே!" என்று ஓஸ் மூட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாதட்டி!"

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், கட்டுப் போட்ட கையால். உயிர் போகிற வலி. இடது கையில் இருந்த அட்டையை மூட்டுக்கு எதிரே நீட்டினேன். திருப்பிப் பார்த்தேன். மறுபடி நீட்டினேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

அப்புறம்தான் அவள் கையை விட்டேன்.