பின் சைட்டில் நீ விட்ட வெளிச்சம்

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. மாமா நன்றாக இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். இன்று எழுதுவது என் துப்பாக்கி விஷயம். போன ஞாயிறு சித்தூரில் போட்டி. அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் எப்படி இருக்க முடியும்?

நாற்பத்து நான்கு வயதில் நான் ஏர் பிஸ்டல் கற்கப் போனபோது சிரிக்காத ஒரே ஆள் நீதான். ஸ்ரீசிட்டி கம்பெனியில் பகலெல்லாம் உதிரி பாகங்களைச் சோதிக்கிறவள் நான். அந்தக் கண்ணே இரண்டு வருடத்தில் என்னைக் கைவிட்டது. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் சைட் இருக்கும்; பின் சைட்டின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அதன் வழியாக முன் சைட்டைப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டது. துப்பாக்கியை விற்றுவிடப் போகிறேன் என்று உன்னிடம் வந்து அழுதேன்.

"இன்னாடி தெரியல ஒனக்கு, சரியா சொல்லு" என்றாய். சொன்னேன்.

"பள்ளம் சின்னதா கீது, அவ்ளோதானே? பல்லு செட்டு சரியா ஒக்காரலன்னா நாங்க ராவித்தான் சரி பண்றோம். கழட்டிக் குடு."

கம்பெனி போட்ட சைட்டில் கை வைப்பதா? பயந்துகொண்டேதான் கொடுத்தேன். திருப்பதியில் நீ வேலை பார்த்த பல் லேபில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சின்ன அரத்தால் துளித்துளியாக ராவினாய். ஒவ்வொரு தடவையும் நான் அதைக் காலித் துப்பாக்கியில் மாட்டி, வெள்ளைச் சுவரைக் குறிபார்த்தேன். மூன்றாவது தடவை இடது பக்கம் வெளிச்சம் கூடிப்போயிற்று.

"கெடுத்துட்டியே! ஒனக்கு இன்னா தெரியும் இதப்பத்தி?" என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் எதிரிலேயே கத்தினேன். நீ லென்ஸை மாட்டிக்கொண்டு வலது பக்கத்தை ராவினாய். ராவிய இடம் பளபளத்ததால் கற்பூரம் ஏற்றி, அந்தப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினாய்.

"இப்பப் பாரு."

பார்த்தேன். இரண்டு பக்கமும் வெளிச்சம், அளந்து வைத்ததுபோல. உன்னிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நீயோ, "சோறு துன்னுட்டுப் போ" என்று டிபன் பாக்ஸை நகர்த்தினாய்.

ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்கு முன்னால் துப்பாக்கியைச் சோதிப்பவர் பின் சைட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இதி கம்பெனிதி காதே? எவரு சேசாரு?" என்றார். கம்பெனி செய்தது இல்லையே, யார் செய்தது என்கிறார். அவர் கூடாது என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான், வேறு துப்பாக்கி ஏது?

"எங்க அக்கா, சார்."

"கன் மெக்கானிக்கா?" தமிழுக்கு மாறினார்.

"இல்ல சார், பல்லு செட்டு செய்றவங்க."

சிரித்துவிட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவும்மா, நல்ல கை" என்று சொல்லி, அனுமதி ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். அந்த வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும். லேபில் அன்று நான் ஏன் அதைச் சொல்லவில்லை, அக்கா?

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எனக்கு இரண்டாவது இடம். மெடலைக் கழுத்தில் போட்டபடியே பஸ் ஏறினேன். கண்டக்டர் வாழ்த்தினார். வழி நெடுக நிம்மதியாக இருந்தது.

போட்டியில் என் பக்கத்தில் நின்று சுட்ட நகரி ஊர் சரஸ்வதிக்கும் என்னைப் போலவே கண். "ஒங்க அக்காகிட்ட சொல்லி எனக்கும் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டாள். நீ இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானே முயற்சி செய்வதாகச் சொல்லிவிட்டேன். முதல் தடவையிலேயே சரியாக வராது என்பதையும் சொன்னேன். வரும் சனிக்கிழமை அலிபிரியில் என் வீட்டுக்கு வருகிறாள். பொறுமையாகச் செய்வேன், அக்கா. அவள் கண்ணுக்கு இரண்டு பக்கமும் தெரிகிறவரை விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
லதா