ஊசி போடாத டாக்டர்

12 ஆகஸ்ட் 1991, திங்கள்

படப்பையில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே அல்ல. அந்தக் குறையோடு ஒன்பது வருடமாக இங்கே தொழில் நடத்துகிறேன்.

இன்று மணிமங்கலத்து சரோஜா முழங்கால் வலி என்று வந்தாள். போன வருடம் மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தூக்கி வந்தபோது, நான் ஊசி போடாமல் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததற்காகத் திட்டிவிட்டுப் போனவள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“முந்தாநேத்து மறுபடியும் வவுத்தால போச்சு சார். தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு மாமியார் சொம்ப புடுங்கிச்சு. நான் வுடல. பொழுதுக்கும் ஸ்பூன்ல ஊத்திகினே இருந்தேன். இன்னிக்கி ஸ்கூலுக்குப் போய்கீது.”

“இங்கே கூட்டி வந்திருக்கலாமே?”

“வந்தா நீங்க இன்னா, ஊசியா போடப் போறீங்க? அந்தத் தண்ணிதான குடுப்பீங்க.”

அவள் முழங்காலுக்கும் ஊசி போடவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசல் பெஞ்சில் கைக்குழந்தையோடு இருந்தவளிடம் அவள் பேசியது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“வவுத்தால போனா உப்பு சக்கர போட்ட தண்ணி குடு. உப்பு கண்ணீருக்கு மேல கரிக்கக் கூடாது. கண்ணு உள்ள போயி, கொழந்த சொணங்கிப் படுத்தா மட்டும் உடனே டாக்டர்கிட்ட தூக்கினு ஓடியாந்துரு.”

அத்தனையும் நான் சொன்ன வார்த்தைகள்.

“இத யாரு சொன்னாங்கக்கா?”

“யாரு சொல்லணும்? எங்க வூட்டு வைத்தியம்.”

எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் தந்ததில்லை. முழங்காலுக்கு மட்டும் இந்நேரம் வேறு எங்காவது போய் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்.